கொல்லைப்புறப் பழங்களைச் செங்கால் ஆமைக்குக் கொடுக்கும் முறை

தென் ஃபுளோரிடாவில் வீட்டுக் கொல்லையில் மாமரம் நிற்பதும் அதன் நிழலில் செங்கால் ஆமை ஒன்று நடமாடுவதும் அரிய காட்சியல்ல. ஜூன் மாதத்தில் பழங்கள் உதிரத் தொடங்கியதும், புதிதாக ஆமை வளர்ப்பவர்களுக்கு அவற்றை அப்படியே தின்ன விடலாமா என்ற கேள்வி எழுகிறது. விடலாம், ஆனால் அதற்கு முன் செய்யவேண்டிய சில வேலைகள் உண்டு.

முதல் படி: இனத்தை உறுதி செய்யுங்கள்

தென் அமெரிக்காவைச் சேர்ந்த செங்கால் ஆமை, உதிர்ந்த பழங்களையும் பூக்களையும் இலைகளையும் காளான்களையும் தின்று வாழும் இனம் என்பதால், அதன் குடல் பழத்தை ஏற்றுக்கொள்ளும். சஹாராவின் தென் விளிம்பில் புல் மேய்ந்து வாழும் சல்காட்டா ஆமையோ நார்ச்சத்தை நுண்ணுயிர்களின் துணையால் செரிப்பது. பழச் சர்க்கரை அந்த நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்துக் கழிச்சலை உண்டாக்கும். ஆகவே இனி வருபவை செங்கால் ஆமைக்கு மட்டுமே பொருந்தும். (இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.)

இரண்டாம் படி: மரத்தையும் தரையையும் சோதியுங்கள்

பெரும்பாலோர் பழத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். மரத்திற்கு என்ன தெளிக்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் வேர் வழியாகச் செடி முழுவதும் பரவுவதால், எவ்வளவு கழுவினாலும் அவை பழத்தை விட்டுப் போவதில்லை. நாற்றுப்பண்ணையிலிருந்து அண்மையில் வாங்கி நட்ட மரமாயின், அதன் முதல் பருவப் பழங்களை ஆமைக்குக் கொடுக்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. நத்தைகளைக் கொல்லத் தூவப்படும் மெட்டால்டிஹைடு உருண்டைகள் தரையில் கிடந்தால், அந்தப் பக்கம் ஆமையை விடவே கூடாது. உதிர்ந்த பழத்தில் நெருப்பெறும்புகள் மொய்க்கும். புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால் அதை எடுத்து எறிந்துவிடுங்கள். காலையில் மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்த பின்பே ஆமையை வெளியே விடுங்கள்.

மூன்றாம் படி: பழத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஓடும் எலும்பும் உறுதிப்பட, உணவில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் மிகுந்திருக்க வேண்டும். நூறு கிராம் பப்பாளியில் கால்சியம் ஏறத்தாழ 20 மில்லிகிராமும் பாஸ்பரஸ் 10 மில்லிகிராமும் உள்ளன. அத்தியில் அவை முறையே 35, 14. வாழைப்பழத்திலோ கால்சியம் 5, பாஸ்பரஸ் 22 என்று கணக்கு தலைகீழாகிறது. ஆகவே அத்தியும் பப்பாளியும் முதலிடம் பெறட்டும். மாம்பழமும் கொய்யாவும் மல்பெரியும் அடுத்து வரட்டும். வாழை எப்போதாவது ஒரு துண்டு போதும். அவகாடோவில் பெர்சின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், பழம் மட்டுமன்றி அதன் இலையும் ஆமைக்கு எட்டாதபடி வேலியிடுங்கள். கால்சியத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஆக்சலேட் என்னும் பொருள் மிகுந்த நட்சத்திரப் பழத்தையும் புளிப்பு மிகுந்த எலுமிச்சை வகைகளையும் தவிருங்கள். பீச், பிளம், லோக்வாட் ஆகியவற்றின் கொட்டைகளில் சயனைடை உருவாக்கும் பொருள் இருப்பதால், அவற்றை நீக்கிய பின்பே சதையைக் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: அளவோடு பரிமாறுங்கள்

கழுவிய பழத்தை ஆமையின் வாய்க்கு ஏற்ற துண்டுகளாக நறுக்கி, கீரை, செம்பருத்தி இலை, பூ ஆகியவற்றோடு கலந்து, தட்டையான கல்லின் மேல் வையுங்கள். பழத்தைத் தனியாக வைத்தால் அதை மட்டும் தின்றுவிட்டுக் கீரையை ஏறெடுத்தும் பார்க்காது. வாரத்திற்கு இருமுறை, தட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் என்பது தொடக்கக்காரர்களுக்குப் பாதுகாப்பான கணக்கு. உடல் குளிர்ந்திருக்கும்போது செரிமானம் மந்தப்படுவதால், குளிர்காலக் காலைகளில் வெயில் ஏறி ஆமை சூடான பிறகே உணவிட வேண்டும். மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் அகற்றிவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நலமாகத் தோன்றும் ஆமையும் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமந்திருக்கலாம் என்பதால், அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது.

புதிய பழம் ஒன்றைக் கொடுத்தால் அடுத்த சில நாள்கள் எச்சத்தைக் கவனியுங்கள். அது இளகினால் பழத்தை நிறுத்திக் கீரைக்குத் திரும்புங்கள். பிறகும் இறுகாவிட்டால், புதிய எச்சம் சிறிதளவை மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். குடலில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதை அவர் அதிலிருந்தே சோதித்துச் சொல்வார்.