மந்த காலத்தில் இணையவழி வேலை தேடல்: இராமநாதபுரம் கடலோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பொருளாதாரம் சுணங்கும்போது நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது புதிய பணியிடங்களைத்தான். விலகிப் போனவரின் இடத்தை நிரப்புவதும், இயந்திரம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை. 2009 நவம்பரில் துபாய் அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்டு நிறுவனம் கடன் தவணைக்கு அவகாசம் கேட்டதையொட்டிக் கட்டுமானத் திட்டங்கள் பல முடங்கியதும், 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்திய இறாலுக்கும் சேர்த்து அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததும், வளைகுடாவையும் கடல் உணவு ஏற்றுமதியையும் நம்பிய இந்தக் கரைக்கு நன்கு தெரிந்த செய்திகள். இத்தகைய காலத்தில் கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருப்பதால் பயன் குறைவு. ஆள் தேடுகிறவரின் கண்ணில் படும்படி நம் விவரத்தை அமைப்பதும், நம்மைத் தேடி வருகிறவர் யார் என்று சரிபார்ப்பதுமே நேரத்தைச் செலவிடத்தக்க இரண்டு வேலைகள்.

தேடும் சொல்லிலிருந்து தொடங்கலாம். மந்தத்தில் 'புராஜெக்ட்' என்ற சொல் உள்ள வேலைகள் குறையும். 'மெயின்டனன்ஸ்' (பராமரிப்பு), 'ஆபரேஷன்ஸ்' (இயக்கம்), 'ஃபெசிலிட்டி' (கட்டட வசதிப் பராமரிப்பு) என்ற சொற்கள் உள்ளவை தொடர்ந்து வரும். சுத்திகரிப்பு ஆலைகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திப் பழுது பார்க்கும் 'ஷட்டவுன்' வேலைகள் சில வாரங்களே நீடிக்கும் என்றாலும், கையில் தொழில் இருப்பவருக்கு அவை நல்ல இடைக்கால வருவாய். எனவே பதவியின் பெயரோடு இச்சொற்களையும் சேர்த்துத் தேடி, புதிய விளம்பரம் வந்தால் தானாகத் தெரிவிக்கும் 'அலர்ட்' வசதியை அந்தத் தேடலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டில் நௌக்ரி, இண்டீட், லிங்க்ட்இன் ஆகிய வேலைவாய்ப்புத் தளங்களோடு தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களை இளக்காரமாக எண்ணுவோர் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தற்காலிக வேலை தேடுகிறவருக்கு, ஒரே கூரையின் கீழ் பல நிறுவனத்தாரை நேரில் காணும் வசதி வேறெங்கே கிடைக்கும்?

அடுத்தது சுயவிவரம். பெரிய நிறுவனங்களுக்கு வரும் விண்ணப்பங்களை மனிதர் படிக்கும் முன்பே மென்பொருள் பிரித்தெடுத்துச் சேமித்து வைக்கிறது. பணியமர்த்துபவர் அந்தச் சேமிப்பில் சொற்களை இட்டுத் தேடுகிறார். மண்டபம் என்ற கடலோர ஊரில் ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். 'ஐஸ் கம்பெனியில் மெக்கானிக், 6 ஆண்டு அனுபவம், கடின உழைப்பாளி' என்று அவர் எழுதினால் எந்தத் தேடலிலும் அகப்படமாட்டார். அதே வேலையை 'அமோனியா கம்ப்ரஸர் இயக்கம், பராமரிப்பு; கண்டன்சர் சுத்திகரிப்பு; கசிவு கண்டறிதல்; தினசரி லாக் புக் பதிவு; ஐடிஐ குளிர்பதனத் தொழிற்பிரிவு' என்று ஆங்கிலத்தில், அத்துறையில் வழங்கும் பெயர்களிலேயே எழுதினால், குளிர்பதனக் கிடங்கு, பால் பண்ணை, மீன் பதப்படுத்தும் ஆலை ஆகிய மூன்றுக்கும் அவர் பொருத்தமானவராகத் தெரிவார். செய்யாத வேலையைச் சேர்க்கக் கூடாது; நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். கடைகளில் அச்சடித்துத் தரும் பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த வண்ண வடிவங்களையும், விவரத்தைப் படமாக ஒட்டும் வழக்கத்தையும் தவிர்த்து, பக்கத்தைப் பிரிக்காமல் மேலிருந்து கீழாக எழுதிய எளிய பிடிஎஃப் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

சிறு கவனக்குறைவுகளால் கைநழுவும் வாய்ப்புகளே அதிகம். வெளிநாட்டிலிருந்து திரும்பி மாதக்கணக்கான பின்னும், செயலிழந்துபோன துபாய் எண்ணையே தளத்தில் விட்டு வைத்திருப்பார்கள். அழைத்தவர் ஒரு முறை முயன்றுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். இருப்பிடம் இராமநாதபுரம் என்று மட்டும் இருந்தால் சென்னை, கோவை, ஓசூர் என்று ஊர் வாரியாகத் தேடுகிறவருக்கு நம் பெயர் காட்டப்படாமல் போகலாம். ஆகவே வேலை செய்யச் சம்மதமான ஊர்களையும் குறிப்பிட வேண்டும். அண்மையில் புதுப்பித்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி பணியமர்த்துபவருக்கு இருப்பதால், வாரம் ஒரு முறையாவது விவரத்தைத் திறந்து ஒரு வரியைத் திருத்திச் சேமிப்பது வீண் வேலையல்ல.

அறிமுகம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் மாமாவோ மச்சானோ வெளிநாட்டில் இல்லாத தெரு அரிது. ஆனால் 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தியை வைத்து அவராலும் எதுவும் செய்ய இயலாது. எந்தப் பதவி, எத்தனை ஆண்டு அனுபவம், எப்போது சேர முடியும் என்பதை மூன்று வரிகளில் எழுதி, விவரக் கோப்பையும் இணைத்து அனுப்பினால், அவர் அதை அப்படியே தம் மேலாளருக்குத் தள்ளிவிடலாம்.

வெளிநாட்டு வேலை எனில் சரிபார்ப்பில் தாட்சண்யம் காட்டக் கூடாது. முகவரின் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். துணை முகவர் என்று ஊருக்குள் ஆள் பிடிப்பவர்களுக்குச் சட்டப்படி எந்த அங்கீகாரமும் இல்லை. உரிமம் பெற்றவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. அதற்கும் ரசீது தர வேண்டும். ஐக்கிய அரபு அமீரகச் சட்டமோ ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்க முதலாளிக்குத் தடை விதிக்கிறது. 'விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றித் தருகிறோம்' என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, அரசு தரும் குடியகல்வு அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) கட்டாயம். அதைத் தாண்டும் குறுக்குவழி எதுவும் பாதுகாப்பானதல்ல. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. தனியார் முகவரை அணுகுமுன் அங்கு பதிவு செய்துவைக்கலாம். தாய்லாந்தில் கணினித் தட்டச்சு வேலை, டாலரில் சம்பளம் என்று அழைத்துச் சென்று, மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கொடுமை 2022 முதல் வெளிவந்துகொண்டிருக்கிறது. தட்டச்சு மட்டும் தெரிந்தவருக்கு விமானச் சீட்டும் கொடுத்து ஒருவர் அழைத்தால், அந்த வள்ளல்தன்மைக்குக் காரணம் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்தபடியே வேலை என்று டெலிகிராமில் வரும் அழைப்புகளில் முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே கணக்கில் விழும். பிறகு 'அடுத்த டாஸ்க்' என்று முன்பணம் கேட்பார்கள். அதைவிட ஆபத்தானது, கமிஷன் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் கேட்பது. கொடுத்தவர் மீதும் வழக்கு வரும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல், பரிமாற்ற எண், உரையாடல் நகல் ஆகியவற்றோடு உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் புகார் பதிவானால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. கடவுச்சீட்டின் நகலை அனுப்ப நேர்ந்தால், எந்த நிறுவனத்துக்கு, எந்த நாளில், எதற்காக என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பலாம்.