எல்லாவற்றுக்கும் 'பொழுதுபோக்கு' என்று எழுதலாமா?

போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டுரைக் கொப்பியைத் திருத்தித் தரச்சொல்லிக் கொண்டுவந்தான். தலைப்பு 'எனது பொழுதுபோக்கு'. முதல் வரியே 'எனது பொழுதுபோக்கு முத்திரை சேகரித்தல்' என்று இருந்தது. அவனிடம் ஒரு தபால் முத்திரைகூடக் கிடையாது. பின்னேரமானால் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் தூண்டிலோடு நிற்பவன், இரை குத்துவதைப் பற்றியும் வாவித் தண்ணீரின் போக்கைப் பற்றியும் கேட்டால் ஒரு மணித்தியாலம் விடாமல் சொல்லுவான். "ஏன் மனே, தூண்டில் போடுறதை எழுதல்ல?" என்று கேட்டேன். "அது தொழில்தானே மாமா" என்றான்.

நாம் அடிக்கடி விடும் தவறு இதுதான், பெரியவர்களும் விடுகிறோம். ஒரு வேலையின் பெயரை வைத்தே அது தொழிலா பொழுதுபோக்கா என்று முடிவெடுத்துவிடுகிறோம். மருதமுனையில் தறியில் இருப்பவருக்கு நெசவு சோறு போடும் தொழில், அதே நெசவை ஆசைக்குப் பழகி வீட்டுக்கு ஒரு துணி நெய்பவருக்கு அது ஹொபி. வாவியில் வலை வீசுகிறவர் மீன் படாவிட்டால் அன்றைக்கு வீட்டில் கஷ்டம், தூண்டிலோடு நிற்கும் இந்தப் பிள்ளை வெறுங்கையோடு திரும்பினாலும் நாளைக்கும் போவான். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் சொல்லைத் தெரிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது, 'பொழுதுபோக்கு' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிப்பது. பொழுதைப் போக்குவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள், அதனால் தொலைக்காட்சி நாடகத்துக்கும் அது பொருந்தும், பத்து வருஷமாக ஒருவர் பறவை பார்க்கக் குமணைக்குப் போய்வருவதற்கும் அதையே எழுதுகிறோம். இரண்டும் ஒன்றா? முதலாவதைக் கேளிக்கை என்று சொன்னால் போதும். இரண்டாவதை ஆர்வம் என்றோ ஈடுபாடு என்றோ எழுதினால் அந்த மனிதருக்கு நியாயம் செய்தவர்களாவோம். வேலை விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு: வாசிப்பு' என்று ஒற்றைச் சொல்லில் விடுகிறவர்களுக்கும் இதையே சொல்லுவேன். என்ன வாசிக்கிறீர்கள், எவ்வளவு காலமாக என்று ஒரு வரி சேருங்கள், அப்போதுதான் வாசிப்பவருக்கு உங்களைப் பற்றி ஏதாவது தெரியவரும்.

ஹொபி என்ற ஆங்கிலச் சொல்லே சிறு குதிரையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பிறகு பிள்ளைகள் ஏறி விளையாடும் மரக்குதிரைக்கு ஆகி, அதற்கும் பிறகுதான் ஒருவர் விரும்பித் திரும்பத் திரும்பச் செய்யும் காரியத்துக்கு ஆனது. அமெச்சூர் என்பதைக் 'கத்துக்குட்டி' என்று மொழிபெயர்ப்பதும் பிழை. அந்தச் சொல்லின் வேர் நேசிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல், காசு வாங்காமல் செய்கிறவர் என்பதற்காக அவருக்கு வேலை தெரியாது என்று ஆகாது.

'ஓய்வு', 'இளைப்பாறுதல்' இரண்டிலும் கவனம் வேண்டும். நம்மூரில் இளைப்பாறிய பாடசாலை அதிபர் என்றால் பென்ஷன் எடுத்தவர். ஆகவே ஓய்வு நேரம் என்று சொல்ல வந்த இடத்தில் 'இளைப்பாறும் காலம்' என்று எழுதினால் வாசிப்பவர் வேறொன்றை நினைத்துக்கொள்வார்.

எனக்கு அறவே பிடிக்காத தவறு ஒன்று இருக்கிறது. மட்டக்களப்புக் கூத்தை 'கிராமிய மக்களின் பொழுதுபோக்கு' என்று எழுதுவது. கூத்தின் இரண்டு வகைகளான வடமோடியோ தென்மோடியோ, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுத்து (ஆடுகிறவர்களுக்குரிய பாட்டையும் வசனத்தையும் பிரித்துக் கொடுத்து), மாதக்கணக்கில் இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஆடி ஒத்திகை பார்த்து), அப்புறம்தான் அரங்கேற்றம். பகலில் வயலிலோ கடலிலோ வேலை செய்துவிட்டு வந்து, கால் வீங்கும்வரை ஆடுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் காசு கிடைப்பதில்லை, அதற்காக அது வெறும் பொழுதுபோக்கு ஆகிவிடாது, அது கலை. கொம்புமுறி இன்னும் வேறு மாதிரி. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து கொம்பை மாட்டி இழுக்கும்போது பார்க்க விளையாட்டுப் போலத்தான் இருக்கும், ஆனால் அது கண்ணகி அம்மன் வழிபாட்டோடு பிணைந்தது, மழை வேண்டியும் நோய் தணியவும் செய்தது. அதைச் சடங்கு விளையாட்டு என்று எழுதுங்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் ஊர்களில் கம்புகளை அடித்து ஆடும் பொல்லடியையும் கூத்தைப் போலத்தான், கலை என்ற பெயரைக் கொடுத்தே எழுத வேண்டும்.

எழுத்தில் சின்ன விஷயம் ஒன்றுதான். பெயராக வரும்போது 'பொழுதுபோக்கு' ஒரே சொல், 'பொழுது போகவில்லை' என்னும்போது பிரித்து எழுத வேண்டும். முத்திரை நம்மூர்ச் சொல், தமிழ்நாட்டில் அஞ்சல்தலை அல்லது தபால்தலை என்பார்கள், இரு பக்கத்தாரும் வாசிக்கும் கட்டுரையென்றால் ஒரு தடவை இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.