எஸ்.எஸ்.டி.யும் புதிய இயங்குதளமும்: ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பழைய கணினியைத் தூக்கிப் போடாமல், ஹார்ட் டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பொருத்திப் புதிய இயங்குதளம் போட்டுக்கொள்ள நினைப்பவர்களின் முடிவு நல்ல முடிவுதான். ஆனால் பலர் இரண்டையும் ஒரே மூச்சில், அதுவும் இருக்கும் ஹார்ட் டிஸ்கை அழித்துவிட்டுச் செய்கிறார்கள். பிறகு கணினி கிளம்பாவிட்டால் பழுது எதில் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. திரும்பிப் போகவும் இடமில்லை.

முதலில் டிஸ்கை மட்டும் மாற்றுங்கள். பழையதில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து (குளோன் செய்து), பழையதைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். டிஸ்கை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடிய பிறகு இயங்குதளத்தில் கை வைக்கலாம். கழற்றிய டிஸ்கை அதுவரை தொட வேண்டாம். எஸ்.எஸ்.டி.யில் தவறுதலாக அழித்த கோப்பை, ஹார்ட் டிஸ்கில் மீட்பதுபோல் பெரும்பாலும் மீட்க முடியாது.

டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் நகலெடுத்தால் போதும் என்பது அடுத்த தவறு. டேலி என்ற கணக்கு மென்பொருளின் கோப்புகள் தனிக் கோப்புறையில் இருக்கும். தமிழில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். புதிய இயங்குதளத்தில் அவை இருக்காது. திறந்து பார்த்தால் கட்டுரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். உழைப்பெல்லாம் போயிற்று என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். அதற்காகவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் நகலெடுங்கள்.

வாங்கும்போது வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எம்.2 என்ற சிறிய செருகுவாயில் பொருந்தும் எஸ்.எஸ்.டி.களில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு; தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டு ஏற்காதது வேலை செய்யாது. பழைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யே போதும்.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். குறுக்குவழியில் நிறுவலாம் என்பார்கள்; அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இது வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரின்டரும் இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவலாம்.

மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பிசகி, இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்ற எச்சரிக்கை வரும். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பி விண்டோஸ் கிளம்பாமல் போகலாம், புது எஸ்.எஸ்.டி. பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.