மாங்கூழ் டின்னும் மொட்டைமாடியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் கோடை வந்துவிட்டால் சாயங்காலப் பேச்சு மொட்டைமாடிக்கு ஏறிவிடும். மின்வெட்டு, சுங்கச்சாவடி வரிசை, மேலதிகாரியின் முகம் என்று அவரவர் புலம்பலைக் கொட்ட ஓர் இடமும் கையில் ஒரு கோப்பையும் வேண்டும். பதினைந்து வருடமாக நண்பர்களுக்குக் காக்டெய்ல் கலந்து கொடுப்பவன் நான். போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் கூட்டாளிகளுக்குக் கலப்பதை மாடிச் சுவரோரம் நின்று பார்த்தேன். நான் அடித்த கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் அடித்தான்.

குடித்துவிட்டு வண்டியைத் தொடக் கூடாது, வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

திறந்த டின்

இந்த ஊர்க்காரர்களுக்கு மாங்கூழ் என்றால் இளப்பம். சுற்றிலும் கூழ் ஆலைகள். தெரிந்தவர் யார் மூலமாவது 3.1 கிலோ டின் ஒன்று வீடு வந்து சேர்ந்துவிடும். அது ஓட்டலுக்கும் ஏற்றுமதிக்கும் உரிய அளவு. நான்கு பேர் கூடும் மாடிக்கு உரியது அல்ல.

2011 ஜூனில் அப்படி ஒரு டின்னைத் திறந்தேன். ஐந்து பேருக்கு அரைக் கிலோகூடச் செலவாகவில்லை. மீதியை டின்னோடு தட்டுப் போட்டு மூடி ஃபிரிட்ஜில் தள்ளினேன். அடுத்த ஞாயிறு மைத்துனர் குடும்பம் வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தால் விளிம்பெல்லாம் கறுத்து, மேலே நுரை கட்டி, நாக்கில் வைத்தால் பழைய ஆணியைச் சப்பியது போல் இருந்தது. இரண்டரைக் கிலோ சாக்கடைக்குப் போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மூன்று சீசனுக்கு வீட்டுக்குள் டின் வரவில்லை.

ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்ற தைரியம்தான் கெடுக்கிறது. மூடிய டின் மாதக்கணக்கில் தாங்குவது, சூடாக்கிக் கிருமியைக் கொன்று காற்றுப் புகாமல் அடைத்திருப்பதால். மூடியை வெட்டியதும் அந்தக் காவல் போய்விடுகிறது. கூழில் புளிப்பு உண்டு; காற்றும் சேர்ந்தால் அது டின்னின் உலோகத்தை அரிக்கும். உள்ளே விழுந்த ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று நுரைக்கும். குளிர் இதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

மீதிக் கூழை என்ன செய்தாய் என்று தம்பியிடம் கேட்டேன். “தட்டுப் போட்டு மூடிவிட்டேன் அண்ணா” என்றான். அதே தட்டு!

முதல் கோப்பையைக் கலக்கும் முன்பே டின்னைக் காலி செய்யுங்கள். அன்றைக்கு வேண்டியது கண்ணாடிக் கிண்ணத்தில், மற்றது ஐஸ் தட்டுகளில், ஃபிரீசருக்குள். உறைந்த பிறகு கட்டிகளைப் பையில் கொட்டி வையுங்கள். 60 மில்லி ரம், 15 மில்லி எலுமிச்சைச் சாறு, நான்கைந்து கூழ்க் கட்டி, மிக்ஸியில் ஒரு சுற்று. கூழே ஐஸாக இருப்பதால் பானம் நீர்த்துப் போகாது. குடிக்காத நண்பருக்கு ரம்முக்குப் பதில் இஞ்சி தட்டிப் போட்ட குளிர்ந்த தண்ணீர். அல்போன்சா கூழாக இருந்தால் எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டலாம். பெங்களூரா கூழில் புளிப்பு ஏற்கெனவே உண்டு. சர்க்கரை சேர்த்த கூழா என்பதை டின்மேல் படித்துவிட்டுச் சர்க்கரைப் பாகை எடுங்கள். நான் படிக்காமல் ஊற்றிய காலமும் உண்டு.

சோடாவைக் குலுக்குவது

வேண்டாம். சுவரைக் கழுவியவன் சொல்கிறேன்.

ஐஸில் சிக்கனம்

தண்ணீராகிவிடும் என்று பயந்து இரண்டு கட்டி போடுகிறார்கள். இரண்டுதான் சீக்கிரம் கரையும். கோப்பை நிறையப் போடுங்கள்.

வடிகட்டாத புளி

எலுமிச்சை தீர்ந்த இரவில் தர்மபுரிப் புளி கைகொடுக்கும். ஊறவைத்துக் கரைத்து, வெல்லம் சேர்த்து, இரண்டு முறை வடிகட்ட வேண்டும். தம்பி ஒரு முறைகூட வடிகட்டவில்லை. “ரசம் நன்றாக இருக்கிறது” என்றான் ஒருவன்.

முடிச்சுப் போட்ட மீன்

கே.ஆர்.பி. அணைக்குப் போய்ப் பொரித்த மீனை வாங்கி, பிளாஸ்டிக் பையில் இறுக முடிந்து ஊருக்குள் கொண்டுவருவார்கள். வந்து சேர்வதற்குள் மீன் தன் ஆவியிலேயே வெந்து நமுத்துப்போகும். வாழையிலையில் வைத்து, பொட்டலத்தின் வாயைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். அதைவிட, அங்கேயே நின்று தின்றுவிட்டு வருவது உத்தமம்.

கலப்பவர் உட்காராதது

ஒவ்வொரு கோப்பையாகக் கலந்தால் பேச்சு முழுவதும் காதுக்கு வெளியே போய்விடும். சோடாவும் ஐஸும் தவிர மற்றதை முன்பே ஒரு குடுவையில் கலந்து குளிரவைத்துவிட்டு உட்காருங்கள். அன்று தம்பி கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தான். பாவமாக இருந்தது. என்னிடம் இருந்த மூன்று ஐஸ் தட்டுகளையும் சுவர் வழியே எடுத்துக் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.