127 பகா எண்தானா? லூகாஸ்–லேமர் சோதனையைத் தாளில் போட்டுப் பார்ப்போம்

2-இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது மெர்சென் எண்: 2⁷−1 = 127 போல, இதில் அடுக்கு 7. 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட பிரம்மாண்டமான பகா எண்ணும் இந்த வகைதான். அதன் அடுக்கு 13,62,79,841. எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். அது பகா எண்தான் என்று உறுதிப்படுத்திய அதே லூகாஸ்–லேமர் சோதனையைப் பென்சிலால் நீங்களும் செய்யலாம்.

படி 1: அடுக்கைப் பாருங்கள். அடுக்கு பகு எண் என்றால் மெர்சென் எண்ணும் பகு எண்தான், அதோடு விட்டுவிடலாம். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் நம்பிவிடக் கூடாது: 2¹¹−1 = 2047 = 23×89.

படி 2: சிறிய காரணிகளைத் தேடுங்கள். அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண் என்றால், பகாக் காரணி எதுவானாலும் அடுக்கின் இரு மடங்கால் வகுக்கும்போது மீதி 1 வரும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 வரும். எவ்வளவு வேலை மிச்சம் என்று 2¹³−1 = 8191-இல் பாருங்கள். அதன் வர்க்கமூலம் 90.5. அதற்குள் 26-ஆல் வகுத்தால் 1 மீதி வருபவை 27, 53, 79. எட்டு விதியில் தேறுவது 79 மட்டும். 79×103 = 8137, மீதி 54. ஒரே வகுத்தலில் 8191 பகா எண் என்று முடிவாகிவிட்டது!

படி 3: சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2 கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவை இதைச் செய்ய வேண்டும். கடைசி மீதி 0 என்றால் பகா எண். 127-இன் அடுக்கு 7, ஆகவே 5 தடவை:

4 → 14 → 67 → 42 → 111 → 0

தொடக்கத்தில் உள்ள 4-ஐயும் ஒரு தடவையாக எண்ணிவிடுவதுதான் பலர் இடறும் இடம். அப்படி எண்ணினால் 111-இலேயே நின்று, 127-ஐப் பகு எண் என்று சொல்லிவிடுவீர்கள்.

வகுக்காமல் மீதி காண: 128-ஆல் வரும் ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 67²−2 = 4487 = 35×128 + 7; 35+7 = 42. கணினிக்கு இது பிட்டுகளை நகர்த்திக் கூட்டும் வேலைதான். கூட்டல் 127-ஐத் தாண்டினால் மறுபடி 127-ஐக் கழியுங்கள். கடைசிப் படியைக் கவனியுங்கள்: 111²−2 = 12319 = 96×128 + 31. கூட்டினால் 127. இது 0-க்குச் சமம்! நிரலில் இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் உண்மையான பகா எண் கைநழுவிப் போகும்.

64 பிட் முழு எண்களில் எழுதினால் அடுக்கு 32-ஐத் தாண்டியதும் வர்க்கம் 64 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்து விடை கெடும். பைத்தான் நிரல்மொழியில் அந்தக் கவலை இல்லை.

விடை 0 இல்லை என்றால் எண் பகு எண் என்பது உறுதி, ஆனால் காரணிகள் தெரியாது. 2⁶⁷−1 பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 1876-இல் காட்டினார். 19,37,07,721 × 7,61,83,82,57,287 என்று அதை அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் கோல் காரணிகளாக உடைத்துக் காட்டியது 1903-இல்.