டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கம்ப்யூட்டர்: பணத்தை விழுங்கும் தவறுகள்

டிவிக்குக் கீழே சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, சேர்த்துவைத்த படங்களை ஐந்தாறு ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்ற ஆசை செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஆரியங்காவு தாண்டிப் புனலூரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால், எங்கள் செட்டு ஆட்கள் தொடக்க காலத்தில் பணத்தை விட்ட அதே இடங்களில்தான் புதிய பிள்ளைகளும் விடுகிறார்கள். டிரைவர் போட மறப்பது, கேபிளைத் தப்பான துளையில் செருகுவது போன்றவை ஒரு மாலையில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, போன பணம் திரும்பாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ரிசீவர் இருக்கும்போது சவுண்ட் கார்டு வாங்குவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

புளியரையில் ஒரு தம்பி. அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் பழைய ஏவி ரிசீவர் (ஒலியை வாங்கிப் பெருக்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தான். கம்ப்யூட்டர் கடையில், "நல்ல சத்தம் வேண்டுமென்றால் நல்ல கார்டு போட வேண்டும்" என்று சொல்லி, ரிசீவர் விலையில் பாதியை நெருங்கும் சவுண்ட் கார்டு ஒன்றை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே, டிஜிட்டல் ஒலியை ஒளியாகக் கடத்தும் ஓர் ஆப்டிக்கல் கேபிள். வீட்டில் மாட்டினால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்தான் பேசின. "அண்ணே, பின்னால் இருப்பவை செத்துப் போயிருக்குமோ?" என்று கேட்டான். அதற்குள் வயரையெல்லாம் புதிதாக இழுத்து, சுவரில் துளையும் போட்டுவிட்டான். ஸ்பீக்கரிலும் குறையில்லை, கார்டிலும் குறையில்லை. ஒலி போகும் வழிதான் தப்பு.

ஆப்டிக்கல் வழி இரண்டு சேனல் ஒலியை மனத்தில் வைத்து உருவானது. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 1.5 மெகாபிட் அளவில் ஓடும். அந்த இடத்துக்குள் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டலும் (அதிகபட்சம் 640 கிலோபிட்) பழைய டிடிஎஸ்ஸும் அடங்கும். புளூரேயில் வரும் டால்பி ட்ரூஹெச்டி 18 மெகாபிட் வரையும், டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ 24.5 மெகாபிட் வரையும் போகக்கூடியவை. அவை அந்தக் கேபிளில் போகவே போகாது. சுருக்காத 5.1 ஒலியும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போகாது. பிளேயர் அதை விரித்து அனுப்பினால் கம்ப்யூட்டர் இரண்டு சேனலாகக் குறுக்கித்தான் கொடுக்கும். டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வசதி உள்ள கார்டு, ஒலியை மறுபடி சுருக்கி 5.1 ஆக அனுப்பும். நன்றாக இருந்த ஒலியைக் கெடுத்து அனுப்பக் காசு கொடுப்பதில் என்ன பயன்?

ஹெச்டிஎம்ஐயில் எட்டு சேனல் சுருக்காத ஒலி தாராளமாகப் போகும். 2006இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து ட்ரூஹெச்டியையும் டிடிஎஸ்-ஹெச்டியையும் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பலாம். அந்தத் தம்பி வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான்: கார்டைக் கழற்றினேன். மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையிலிருந்து ரிசீவருக்கு ஒரு கேபிள், ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரு கேபிள். விண்டோஸின் ஒலி அமைப்பில் ரிசீவரைத் தேர்ந்து 5.1 என்று வைத்தேன். ஓடிக்கொண்டிருந்த படத்தில் பெய்த மழை பின் ஸ்பீக்கர்களுக்கும் வந்துவிட்டது. கார்டின் உறையைக் கிழித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

ஒலியை டிஜிட்டலாக வெளியே அனுப்பும்போது கார்டில் இருக்கும் விலையுயர்ந்த டிஏசி சிப்புக்கு வேலையே இல்லை. எண்களை ஒலியாக மாற்றுவது ரிசீவரின் வேலை. ஹெச்டிஎம்ஐ இல்லாத மிகப் பழைய ரிசீவர் என்றாலும், படத்திலுள்ள டால்பி டிஜிட்டலை அப்படியே அனுப்ப மதர்போர்டில் இருக்கும் ஆப்டிக்கல் துளையே போதும். அதே பிட்டுகள்தான் போகும். ரிசீவரே இல்லாமல் பவர்டு ஸ்பீக்கரிலோ (பெருக்கி உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) நல்ல ஹெட்போனிலோ கேட்பவருக்கு மட்டும் தனிக் கருவி தேவைப்படலாம். அவருக்கும் கேபினெட்டுக்கு வெளியே வைக்கும் யூஎஸ்பி டிஏசியைத்தான் சொல்வேன். சின்னப் பெட்டிக்குள் பவர் சப்ளைக்கும் ஃபேனுக்கும் நடுவில் அனலாக் ஒலிக்கு நிம்மதி கிடையாது.

ரிசீவர் திரையில் டால்பி பெயர் வரவில்லை என்ற பதற்றம்

கம்ப்யூட்டரே ட்ரூஹெச்டியை விரித்துப் பல சேனலாக அனுப்பினாலும் தரம் குறையாது. ரிசீவர் 'மல்டி சேனல்' என்று காட்டும், அவ்வளவுதான். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸும் டிடிஎஸ்:எக்ஸும் மட்டும் விதிவிலக்கு. மேலே ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கோடி (Kodi) என்ற பிளேயரில் பாஸ்த்ரூவை, அதாவது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் அமைப்பை, இயக்கியே ஆக வேண்டும்.

பெரிய பிராசசர் நல்ல படம் காட்டும் என்று நம்புவது

சுருக்கி வைத்த வீடியோவை விரிக்கும் வேலையைச் செய்வது பிராசசரின் கோர்கள் அல்ல, அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் அதற்கென்றே வைத்த சுற்று. அலுவலகத்திலிருந்து வரும் பழைய ஐ7 மினி பிசி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். இன்டெல் 6ஆம் தலைமுறையில் 4கே படங்களைச் சுருக்கப் பயன்படும் 10 பிட் ஹெச்இவிசி முறைக்கு முழுமையான சுற்று கிடையாது. 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் 4கே படம் போட்டதும் ஐ7 திணறி, ஃபேன் இரைச்சலில் வசனம் கேட்காது. இன்னும் புதிய சுருக்கு முறையான ஏவி1 வேண்டுமென்றால் 11ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஏஎம்டியில் ரைசன் 5600ஜி வேகமான சிப்தான், ஆனால் ஏவி1 சுற்று அதில் இல்லை. 2023இல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட் சிப். ஹெச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றையும் அலட்டாமல் ஓட்டுகிறது. படம் பார்க்க மட்டும் என்றால் பெரும்பாலான வீடுகளுக்கு இதையே போடுகிறேன். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன்.

பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் சிப்

அதில் கிராபிக்ஸ் இல்லை. வேண்டாம்.

ஹெச்டிஎம்ஐ துளை எல்லாம் ஒன்றே என்று நினைப்பது

1.4 துளையில் 4கே என்றால் நொடிக்கு 30 ஃபிரேம்தான். 60 வேண்டுமென்றால் 2.0. இன்டெல் 10ஆம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் சிப்புகள் தாமாகத் தருவது 1.4தான். மதர்போர்டு செய்தவர் கூடுதல் சிப் வைத்திருந்தால் மட்டுமே 2.0 கிடைக்கும். கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல் மாடல் எண்ணைப் போட்டு விவரப் பட்டியலைப் படியுங்கள்.

ரிசீவர் பழையது, 4கேயைக் கடத்தாது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கம்ப்யூட்டரில் இரண்டு ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒன்றை டிவிக்கும் மற்றதை ரிசீவருக்கும் கொடுங்கள். டிவி வழியாக ஏஆர்சியில் (ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலி திரும்பும் வழி) ஒலியை எடுத்தால் ட்ரூஹெச்டி வராது. அதற்கு டிவி, ரிசீவர் இரண்டிலும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

4கே புளூரே தட்டு

கம்ப்யூட்டரில் முறையாக ஓட்ட இன்டெல் சிப்புக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். தட்டு வாங்குகிறவர்கள் தனி பிளேயர் வாங்குங்கள்.

மலையாளப் படங்களை ஓடிடியில் பார்க்க மட்டும் கம்ப்யூட்டர்

தேவையில்லை. டிவியில் இருக்கும் ஆப் போதும். லினக்ஸ் பிரவுசரில் பெரும்பாலான ஓடிடிகள் 4கே தருவதும் இல்லை.