மெட்ஃபார்மின் வயிற்றைப் படுத்துகிறதா?

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்கியதும் வயிற்றுப்போக்கு, குமட்டல் என்று அவதிப்பட்டு, மாத்திரையையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் இது அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள். 500 மி.கி.யில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? மருந்தை மெதுவாக வெளிவிடும் 'எக்ஸ்ஆர்' வகை இருக்கிறது. என்னைக் கேட்டால், வேறு மருந்துக்குத் தாவும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். உடைக்காமல், மெல்லாமல் விழுங்குங்கள். மலத்தில் அதன் வெற்றுக்கூடு தென்பட்டால் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே போயிருக்கும். அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் சிட்டாகிளிப்டின் போன்ற வேறு வகைச் சர்க்கரை மருந்துகள் உண்டு. அப்புறம், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுபவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். கால் மரத்துப்போவதற்கு அதன் குறைவும் காரணமாக இருக்கலாம்.